அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்பு ஏதாவது சொல்லும்போதெல்லாம், தேர்தலிலேயே நிற்காத ஒன்பது பேருக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்ற கேள்வி வரும். பதில் 1787க்கும் 1857க்கும் நடுவில் இருக்கிறது. கீழே காங்கிரஸ் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தைத்தான் குறிக்கிறது.

சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

எங்கேயும் இல்லை. நீதித்துறைக்கென்று இருப்பது மூன்றாவது ஷரத்து. அதில் மொத்தமே மூன்று பிரிவுகள், அதிலும் ஒன்று தேசத்துரோகம் பற்றியது. ஒரு உச்ச நீதிமன்றம் இருக்கும், கீழ் நீதிமன்றங்கள் வேண்டுமென்றால் காங்கிரஸ் அமைத்துக்கொள்ளலாம், நீதிபதிகள் ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை பதவியில் இருப்பார்கள், பதவியில் இருக்கும்போது சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. ஏறக்குறைய இவ்வளவுதான். எத்தனை நீதிபதிகள் என்றுகூட அதில் கிடையாது. அரசமைப்புச் சட்டம்தான் நாட்டின் உச்ச சட்டம், மாநில நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று ஆறாவது ஷரத்து சொல்கிறது. பின்னால் வந்த வாதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது?

1781ல் அமலுக்கு வந்த பழைய கூட்டமைப்பு ஏற்பாட்டில், போரில் பிடிபட்ட கப்பல்கள் யாருக்குச் சேரும் என்று தீர்க்க ஒரு சின்ன மேல்முறையீட்டு மன்றம் இருந்ததைத் தவிர, தேசிய நீதிமன்றம் என்று எதுவும் இல்லை. அந்தக் காங்கிரசால் வரி போட முடியாது. மாநிலங்கள் ஒப்பந்தத்தை மீறினால் கேட்க ஆளில்லை. 1786ல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடன் தொல்லை தாங்காமல் கிளர்ந்தபோதும் மத்தியில் இருந்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பயத்தோடுதான் 1787 கோடையில் 55 பேர் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். செப்டம்பர் 17 அன்று கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர்.

நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யலாம் என்ற யோசனை அவர்களுக்கு வரவே இல்லையா?

வந்தது. மாநில நீதிமன்றங்கள் சிலவற்றில் அது ஏற்கெனவே அரும்பிவிட்டது. 1787ல் வட கரோலினாவில் பேயார்டு எதிர் சிங்கிள்டன் வழக்கில், ஜூரி விசாரணை உரிமையைப் பறித்த மாநிலச் சட்டத்தை நீதிபதிகள் ஏற்க மறுத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வேறொரு திட்டமும் பேசப்பட்டது: அதிபரும் சில நீதிபதிகளும் சேர்ந்த குழு ஒன்று மசோதா சட்டமாகும் முன்பே அதைத் தடுக்கலாம் என்று. கூட்டத்தில் இருந்த ஜேம்ஸ் மேடிசன் அதற்காக விடாமல் வாதாடினார், ஆனால் நிறைவேறவில்லை. பின்னால் அதே சட்டம் வழக்காக வந்தால் இந்த நீதிபதிகளே எப்படி நடுநிலையாக விசாரிப்பார்கள் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி.

அப்புறம் அரசமைப்புக்கு மாநிலங்களின் ஒப்புதல் வாங்கும் நேரத்தில் நியூயார்க் பத்திரிகைகளில் நடந்த சண்டை சுவாரசியமானது. புரூட்டஸ் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார்: இந்த நீதிபதிகளைத் திருத்த மேலே யாரும் இல்லை, போகப் போக மாநில அரசுகளை இவர்கள் விழுங்கிவிடுவார்கள் என்று. அரசமைப்பை ஆதரித்துத் தொடர் கட்டுரைகள் எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டன் தன் 78வது கட்டுரையில் பதில் சொன்னார். நீதித்துறையின் கையில் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை, மூன்று துறைகளில் ஆபத்து மிகக் குறைந்தது இதுதான், அதே சமயம் அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்வது அதன் கடமை என்றும் எழுதினார். இருவரில் எதிர்காலத்தைச் சரியாகப் பார்த்தவர் புரூட்டஸ்தான் என்பது என் கருத்து. ஆனால் வாதத்தில் ஜெயித்தது ஹாமில்டன்.

அப்படியானால் காங்கிரசின் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் முதல்முறை செல்லாது என்ற 1803 மார்பரி வழக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது, சரியா?

எல்லாப் பாடப்புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன. நான் 1789ல் ஆரம்பிப்பேன். அந்த வருஷம் செப்டம்பரில் முதல் காங்கிரஸ் நீதித்துறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை எழுதியதில் பெரும்பங்கு செனட்டர் ஆலிவர் எல்ஸ்வொர்த்துடையது. ஆறு நீதிபதிகள், மூன்று சர்க்யூட்டுகள் (பல மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரங்கள்), 13 மாவட்ட நீதிமன்றங்கள். இதெல்லாம் நிர்வாக விவரம். கவனிக்க வேண்டியது 25வது பிரிவு. ஒரு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் மத்திய சட்டத்துக்கோ உடன்படிக்கைக்கோ அரசமைப்புக்கோ எதிராகத் தீர்ப்பளித்தால், அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம் என்றது அது.

யோசித்துப் பாருங்கள், மாநிலங்களின் மேல் கை வைக்கும் அதிகாரத்தை நீதிபதிகள் பறித்துக்கொள்ளவில்லை, மக்கள் தேர்ந்தெடுத்த சபை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அடுத்த அரை நூற்றாண்டில் உச்ச நீதிமன்றம் வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான். மார்பரி வழக்குக்குக் கிடைக்கும் புகழில் கால்வாசியாவது 25வது பிரிவுக்குக் கிடைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நீதிபதி பதவிக்கு மதிப்பு இருந்ததா?

பரிதாபமான நிலை. 1790 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் அமர்வு கூடியபோது விசாரிக்க வழக்கே இல்லை. ஆனால் வேலை இல்லாமல் இல்லை: ஒவ்வொரு நீதிபதியும் வருஷத்துக்கு இரண்டு முறை குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் சர்க்யூட் நீதிமன்றம் நடத்த வேண்டும். அந்தக் காலத்துச் சாலைகளில், அந்த வயதில்.

முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே பதவியில் இருந்துகொண்டே 1794ல் தூதராக இங்கிலாந்து போனார். திரும்பி வந்ததும் 1795ல் பதவியை விட்டுவிட்டு நியூயார்க் ஆளுநரானார். மாநில ஆளுநர் பதவி பெரிது, தலைமை நீதிபதி பதவி சிறிது என்று நினைத்த காலம். அடுத்து வந்த ஜான் ரட்லெட்ஜை காங்கிரசின் மேல்சபையான செனட் நிராகரித்தது. 1800 கடைசியில் அதிபர் ஆடம்ஸ் மறுபடியும் ஜேயை அழைத்தபோது, இந்த நீதிமன்றத்துக்குப் பலமும் மரியாதையும் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்.

1801ல் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷலுக்கு முன்னால் பெரிய வழக்கு ஒன்றுமே இல்லையா?

சிஷம் எதிர் ஜார்ஜியா, 1793. புரட்சிப் போர் நேரத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்குக் கொடுத்த ஒரு வியாபாரிக்குப் பணம் வரவில்லை, அவர் இறந்த பிறகு அவருடைய சொத்தை நிர்வகித்தவர் வழக்குப் போட்டார். எங்களை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று ஜார்ஜியா ஆஜராகவே இல்லை. நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் மாநிலம் தோற்றது. ஜார்ஜியாவின் கீழ்ச்சபை, இந்தத் தீர்ப்பை அமல்படுத்த வருகிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்றே மசோதா நிறைவேற்றியது. நல்லவேளை அது சட்டமாகவில்லை. ஆனால் மற்ற மாநிலங்களும் பயந்துபோய், வேறு மாநிலத்துக்காரர் ஒரு மாநிலத்தின்மேல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று 11வது திருத்தத்தை 1795க்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முரட்டுத்தனமாக ஜெயித்தால் என்ன ஆகும் என்று பின்னால் வந்தவர்கள் இதில் கற்றுக்கொண்டார்கள்.

மார்பரி எதிர் மேடிசன் வழக்கை எளிமையாகச் சொல்ல முடியுமா?

முதலில் அரசியல். 1800 தேர்தலில் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி தோற்றது, ஜெஃபர்சனின் ரிபப்ளிகன்கள் வந்தார்கள் (இன்றைய ரிபப்ளிகன் கட்சிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை).  புது அதிபர் பதவியேற்க 1801 மார்ச் 4 வரை நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் தோற்ற கட்சி சும்மா இருக்கவில்லை. புதிதாக 16 சர்க்யூட் நீதிபதி பதவிகளை உருவாக்கித் தங்கள் ஆட்களை நிரப்பியது. தன் வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷலையே ஆடம்ஸ் தலைமை நீதிபதி ஆக்கினார். மார்ஷல் ஒரு மாதம் இரண்டு பதவியையும் சேர்த்தே பார்த்தார்! தலைநகர் வட்டாரத்துக்கு, சின்ன வழக்குகளைப் பார்க்கும் 42 சமாதான நீதிபதிகளும் கடைசி நேரத்தில் நியமிக்கப்பட்டார்கள்.

நியமன ஆணைகளில் அதிபர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மார்ஷல் முத்திரையும் வைத்துவிட்டார். ஆனால் அவசரத்தில் சில ஆணைகள் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஜெஃபர்சன் வந்ததும், கொடுக்காததைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆணை கிடைக்காதவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி. புதிய வெளியுறவுச் செயலர் மேடிசன் ஆணையைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடக் கோரி, அதாவது மேண்டமஸ் ரிட் கேட்டு, அவரும் இன்னும் மூவரும் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

மார்ஷலுக்கு இது சிக்கல். உத்தரவு போட்டால் ஜெஃபர்சன் மதிக்க மாட்டார், நீதிமன்றம் சிரிப்புக்கு இடமாகும். போடாவிட்டால் பயந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். 1803 பிப்ரவரி 24 அன்று வந்த தீர்ப்பு மூன்று கேள்விகளாகப் போகிறது. மார்பரிக்கு உரிமை உண்டா? உண்டு. சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. அதை இந்த நீதிமன்றம் தர முடியுமா? முடியாது. ஏனென்றால் உச்ச நீதிமன்றத்துக்கு நேரடியாக வரக்கூடிய வழக்குகள் எவை என்று அரசமைப்பே சொல்லிவிட்டது: தூதர்கள் சம்பந்தப்பட்டவை, மாநிலம் ஒரு தரப்பாக இருப்பவை, அப்படிச் சில. 1789 சட்டத்தின் 13வது பிரிவு அந்தப் பட்டியலை நீட்டுகிறது, காங்கிரசுக்கு அந்த அதிகாரம் இல்லை, ஆகவே அந்தப் பிரிவு செல்லாது. சட்டம் என்ன சொல்கிறது என்று கூறுவது நீதித்துறையின் வேலை, கடமை என்ற புகழ்பெற்ற வாக்கியம் இங்கேதான் வருகிறது.

ஜெஃபர்சனுக்கு மீற ஓர் உத்தரவே கிடைக்கவில்லை. வழக்கில் ஜெயித்தது அவருடைய அரசு, சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் உரிமை மட்டும் நீதிமன்றத்தின் கணக்கில் ஏறிவிட்டது.

ஆணையைக் கொடுக்கத் தவறியவரே மார்ஷல்தானே, அவர் எப்படி அந்த வழக்கை விசாரித்தார்?

நியாயமான கேள்வி. ஆணைகளை எடுத்துப்போய்க் கொடுக்கும் வேலையில் இருந்த அவருடைய தம்பி ஜேம்ஸ் மார்ஷலின் பிரமாணப் பத்திரம்தான் அந்த வழக்கில் ஒரு சாட்சியம். இன்றைய வழக்கப்படி அவர் விலகியிருக்க வேண்டும், இதில் இரண்டாவது பேச்சே இல்லை. 13வது பிரிவை அவர் படித்த விதமும் கொஞ்சம் வளைத்துப் படித்ததுதான். செல்லும்படியாகவும் அதற்குப் பொருள் கொள்ளலாம் என்று பல சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கடைசியில் மார்பரிக்கு வேலை கிடைத்ததா?

இல்லை.

ஜெஃபர்சன் கட்சி சும்மா விட்டதா?

விடவில்லை. தீர்ப்புக்கு முந்தின வருஷமே, அந்த 16 நீதிபதி பதவிகளையும் ஒழித்துச் சட்டம் போட்டார்கள். அதோடு நிற்காமல், யாராவது அதை எதிர்த்து வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று உச்ச நீதிமன்றத்தின் அமர்வையே மாற்றி வைத்தார்கள். 1801 டிசம்பருக்கு அப்புறம் 1803 பிப்ரவரி வரை நீதிமன்றம் கூடவில்லை. ஆயுள் பதவி என்று அரசமைப்பு சொல்லியிருக்க, பதவியையே ஒழித்து ஆளை வெளியே அனுப்பலாமா? மார்பரி தீர்ப்பு வந்து ஒரு வாரத்தில் ஸ்டூவர்ட் எதிர் லெயர்டு வழக்கில் இந்த விஷயம் வந்தபோது நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பேசப்படாத இந்தத் தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால்தான் மார்பரி புரியும். வீரம் காட்டியது சின்ன விஷயத்தில், பணிந்து போனது பெரிய விஷயத்தில்.

அடுத்தது பதவிநீக்கம். நீதிபதி சாமுவேல் சேஸ் வாய் அடங்காத ஃபெடரலிஸ்ட். அரசைத் திட்டி எழுதினால் சிறை என்ற 1798 சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளில் வெளிப்படையாகப் பக்கம் சாய்ந்தவர், ஜூரிகளிடம் அரசியல் பேசியவர். காங்கிரசின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை 1804ல் அவர் மேல் குற்றம் சாட்டியது. செனட் விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் துணை அதிபர் ஆரன் பர், அதுவும் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றதாகத் தன் மேலேயே குற்றச்சாட்டு இருந்த நிலையில். 34 செனட்டர்களில் 25 பேர் ஜெஃபர்சன் கட்சி, தேவையானது 23 வாக்கு. எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் வரவில்லை. 1805 மார்ச் 1 அன்று சேஸ் தப்பினார். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியைத் தூக்க முடியாது என்ற வழக்கம் அன்று உறுதியானது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்தது அந்த ஒரு முறைதான்.

என்னைக் கேட்டால், மார்பரி தீர்ப்பை விட இந்த வாக்கெடுப்புதான் நீதிமன்றத்தைக் காப்பாற்றியது. சேஸ் போயிருந்தால் அடுத்த குறி மார்ஷல் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

மார்ஷல் அப்படி என்ன புதிதாகச் செய்தார்?

அவருக்கு முன்னால் பெரும்பாலும் ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியாகத் தன் கருத்தைப் படிப்பார், நீதிமன்றம் சொன்னது என்ன என்று வக்கீல்களே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். மார்ஷல் அதை மாற்றி, நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று ஒரே குரலில் வெளியிட வைத்தார், பெரும்பாலும் அதைத் தானே எழுதினார். அமர்வுக் காலத்தில் நீதிபதிகள் ஒரே விடுதியில் தங்கி ஒன்றாகச் சாப்பிட்டதும் இதற்கு உதவியது. ஜெஃபர்சனுக்கு இது எரிச்சல். தன் கட்சி ஆட்களை நீதிபதியாக அனுப்பினால் அவர்களும் போய் மார்ஷல் பக்கம் சாய்கிறார்கள்! 1801லிருந்து 1835ல் சாகும் வரை, 34 வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

25வது பிரிவுதான் முக்கியம் என்றீர்கள். அதை வைத்து என்ன நடந்தது?

வர்ஜீனியாவில் ஒரு பழைய நிலத் தகராறு. உச்ச நீதிமன்றம் 1813ல் சொன்ன தீர்ப்பை வர்ஜீனியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டது. 25வது பிரிவே செல்லாதாம். 1816ல் மார்ட்டின் எதிர் ஹண்டர் வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி பதில் எழுதினார்: மாநிலத்துக்கு ஒரு அரசமைப்பு விளக்கம் என்று போனால் நாடு என்று ஒன்று இருக்காது. மார்ஷலுக்கு அந்த நிலத்தில் பங்கு இருந்ததால் இந்த வழக்கில் ஒதுங்கிக்கொண்டார். இங்கே ஒதுங்கத் தெரிந்தவருக்கு மார்பரி வழக்கில் தெரியாமல் போனது ஏனோ.

1821ல் வந்தது கோஹன் சகோதரர்களின் வழக்கு: தலைநகரின் லாட்டரிச் சீட்டுகளை வர்ஜீனியாவில் விற்றதற்காக 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டவர்கள் அவர்கள். மாநிலத்தின் குற்ற வழக்கையும் நாங்கள் விசாரிக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அபராதம் சரிதான் என்று முடித்தார் மார்ஷல். மறுபடியும் அதே வித்தை, ஜெயித்த வர்ஜீனியாவால் எதையும் மீற முடியவில்லை.

இதற்கு நடுவில் 1819ல் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து. தேசிய வங்கியின் பால்டிமோர் கிளை மேல் மேரிலாந்து வரி போட்டது: மாநிலத்தின் முத்திரைத்தாளில் நோட்டு அச்சடி, இல்லை வருஷத்துக்கு 15,000 டாலர் கட்டு. வங்கி தொடங்கலாம் என்று அரசமைப்பில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் கொடுத்த அதிகாரங்களை நிறைவேற்றத் தேவையான வழிகளைக் காங்கிரஸ் தேர்ந்தெடுக்கலாம், வரி போடும் அதிகாரம் அழிக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியது, ஆகவே மாநிலம் அந்த வரியைப் போட முடியாது என்றார் மார்ஷல். இந்த வழக்கில் பெயர் வரும் காசாளர் மெக்கல்லக், கிளைப் பணத்தில் விளையாடியதாக அதே வருஷம் வேலையிழந்தார் என்பது தனிக்கதை. 1824ல் கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் வழக்கில் நியூயார்க்கின் நீராவிப் படகு ஏகபோகம் போனது, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் காங்கிரசின் கையில் என்பது நிலைத்தது.

தீர்ப்பை அரசு மதிக்காவிட்டால் என்ன ஆகும்?

1832ல் அதுதான் ஆனது. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதியின்றி அங்கே தங்கியதற்காகச் சிறைக்குப் போன சாமுவேல் வூஸ்டர் என்ற மதப்பணியாளரின் வழக்கு அது. மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே அமல்படுத்திக்கொள்ளட்டும் என்று அதிபர் ஜாக்சன் சொன்னதாக ஒரு வசனம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ஆனால் அவர் விரல் அசைக்கவில்லை என்பது உண்மை. வூஸ்டர் வெளியே வந்தது 1833 ஜனவரியில், ஆளுநர் காட்டிய கருணையால். செரோக்கிகளை 1838ல் ராணுவத்தை வைத்து மேற்கே துரத்தினார்கள், வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். வாளும் பணப்பையும் இல்லை என்று ஹாமில்டன் எழுதியதை அவர் நிச்சயம் இப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

மார்பரிக்குப் பிறகு காங்கிரசின் சட்டங்கள் நிறைய ரத்தானதா?

வழக்கமாகச் சொல்லும் கணக்குப்படி அடுத்தது 54 வருஷம் கழித்துத்தான், 1857ல். அதுவும் எந்த வழக்கு? டிரெட் ஸ்காட். மிசூரியில் அடிமையாக இருந்த அவர், அடிமை முறை இல்லாத பகுதிகளில் வாழ்ந்ததால் தனக்கு விடுதலை வேண்டும் என்றார். தலைமை நீதிபதி ராஜர் டானி ஏழுக்கு இரண்டு என்று அவரைத் தோற்கடித்தார்: கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது, மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுத்த 1820ஆம் வருஷத்துச் சட்டமும் செல்லாது என்று. நீதிமன்ற அதிகாரம் என்றாலே ஏழைக்கும் சிறுபான்மைக்கும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. உள்நாட்டுப் போரும், அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தமும், குடியுரிமை தந்த 14ஆவது திருத்தமும் வந்த பிறகே அந்தத் தீர்ப்பு ஒழிந்தது.

இந்தியாவிலும் இதே கதைதானா?

இந்தியாவில் மார்பரி தேவைப்படவில்லை. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 13வது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் திருத்தத்தால் தீர்ப்பைத் தாண்டும் பழக்கம் இங்கேயும் உடனே வந்தது. கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, ஜூனில் முதல் திருத்தம் வந்துவிட்டது. சிஷம் தீர்ப்பைத் தாண்ட அமெரிக்கர்களுக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஒன்பது நீதிபதிகள் என்பது எப்போது முடிவானது?

1789ல் ஆறு, 1807ல் ஏழு, 1837ல் ஒன்பது, 1863ல் பத்து, 1866ல் குறைக்கச் சட்டம், 1869ல் மறுபடி ஒன்பது. இதை மாற்ற அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், சாதாரணச் சட்டம் போதும். 1937ல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தார். இரண்டு சபையிலும் பெரும்பான்மை இருந்தும் சொந்தக் கட்சியே கைகொடுக்கவில்லை.